பதினான்கு அடி லாரி போன வழி

“அந்த ஜி.பி.எஸ்ஸை இப்படிக் குடுங்கண்ணா!” என்று கையை நீட்டினாள் மலர்க்கொடி.

அங்கமுத்து கொடுக்கவில்லை. அதை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டான்.

“வேணாங்க அம்மணி. தெரியாம எதையாச்சும் அமுத்துனீங்கன்னா இருக்கற வழியும் அழிஞ்சுபோயிரும். நானே பாத்துச் சொல்றனுங்க.”

மலர்க்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஆள் மேல் அவளுக்குச் சந்தேகம் இன்று வந்ததல்ல. இவன் மட்டும் லாரியில் ஏறவில்லை என்று போனில் கேட்டு, ஈரோட்டில் ரயில் ஏறும்போதே வந்துவிட்டது. குஜராத் போய் இறங்குவதற்குள் அது நன்றாகக் கொழுத்தும் விட்டது.

அவளுடைய அண்ணன் நல்லமுத்து, பதினான்கு சக்கர லாரியின் டிரைவர். காற்றாலைக்கான இயந்திரம் ஒன்றை ஏற்றிக்கொண்டு, கட்ச் உப்புப் பாலைவனத்தின் ஓரத்தில் இருந்த காற்றாலைத் தளத்துக்குப் புறப்பட்டவன், போய்ச் சேரவில்லை. மூன்று நாளாக ஆளும் இல்லை, லாரியும் இல்லை, போனில் கிடைக்கவும் இல்லை. “உங்க அண்ணன் லோடை வித்துட்டு ஓடிட்டான்” என்று லாரி முதலாளி போனில் கத்தினார். போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள், அத்தோடு சரி.

இரண்டாவது டிரைவரான அங்கமுத்துவும் அந்த லாரியில் போயிருக்க வேண்டியவன். காய்ச்சல் என்று சொல்லி நெடுஞ்சாலையோரத் தமிழ் மெஸ்ஸில் படுத்துக்கொண்டானாம். அன்று சாயங்காலம் அதே காய்ச்சல்காரன் ஆறு பரோட்டா தின்றான் என்று மெஸ்காரர் பொன்னம்பலம் சொன்னார். அது போகட்டும். லாரியில் இருக்க வேண்டிய ஜி.பி.எஸ் இவன் பைக்குள் எப்படி வந்தது?

கேட்டால், “காலைல மறந்துட்டுப் போயிட்டாருங்க. மெஸ்ஸுல சார்ஜ் போட்டது அப்படியே கெடந்துச்சு. எடுத்து பைக்குள்ள பத்திரமா வெச்சேன்” என்கிறான். பாலைவனத்துக்குப் போகிறவன் வழிகாட்டியை மறந்துவிட்டுப் போவானா? மலர்க்கொடி நம்பவில்லை. ஆனால் முந்தின ராத்திரி நல்லமுத்து போட்டுப் பார்த்து மனதில் வைத்துக்கொண்ட வழி அந்தக் கருவியில்தான் இருந்தது. பத்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றோடு போனவனுக்கு அந்த வெயிலில் மூன்று நாளே அதிகம். சந்தேகத்தை விசாரிக்க நேரமில்லை, அதைக் கூடவே கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்!

விடிந்தும் விடியாமலும் ஜீப் புறப்பட்டது. ஜீப் பொன்னம்பலத்துடையது. அவரும் அவள் ஊர்ப்பக்கத்துப் பரமத்திக்காரர், இருபது வருடமாக அங்கே மெஸ் நடத்துகிறவர். “வண்டி குடுங்க போதும், நாங்க ஓட்டிக்கறோம்” என்று மலர்க்கொடி சொல்லியும் கேட்காமல், கடையை மூடிவிட்டுத் தானே ஸ்டியரிங்கைப் பிடித்தார். இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை? அந்தச் சந்தேகத்தையும் மலர்க்கொடி ஓரமாக எடுத்து வைத்தாள்.

முன் சீட்டில் அங்கமுத்து. ஜி.பி.எஸ்ஸின் ஒயரை ஜீப்பில் சொருகியிருந்தான். பின்னால் உட்கார்ந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள் மலர்க்கொடி.

ஒரு மணி நேரம் போனதும் ரோடு இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் பளபளவென்று தார் ரோடு. வலது பக்கம் குண்டும் குழியுமான மண் ரோடு. கருவிக்குள்ளிருந்த பெண் குரல் வலது பக்கம் திரும்பச் சொன்னது.

“இதென்னய்யா கூத்து? இடது பக்கம் போனா எட்டே கிலோமீட்டர். இது முப்பது கிலோமீட்டர் சுத்து!” என்றார் பொன்னம்பலம்.

“வலது பக்கமே போங்க” என்றான் அங்கமுத்து.

“எதுக்கு? நேரத்தைக் கடத்தவா?” மலர்க்கொடியின் குரல் சுள்ளென்று வந்தது. “இடது பக்கம் விடுங்கண்ணா!”

ஜீப் இடது பக்கம் பாய்ந்தது. நான்கே கிலோமீட்டரில் ஒரு வாய்க்கால் பாலம் வந்தது. அதன் முகப்பில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: பத்து டன்னுக்கு மேல் வண்டிகள் போகக் கூடாது.

அங்கமுத்து திரும்பிப் பார்த்தான். “இது கார்க்காரங்க வெச்சிருக்கற ஜி.பி.எஸ் இல்லீங்க அம்மணி. லாரிக்குன்னே செஞ்சது. வண்டி எத்தனை டன்னு, எத்தனை அடி ஒசரம், எத்தனை அடி நீளம்னு மொதல்ல கேட்டுக்கும். அதுக்குத் தக்கனதான் வழி சொல்லும். நம்ம ஜீப்பு இதுல போயிரும். உங்கண்ணன் வண்டி போவுமா?”

மலர்க்கொடிக்கு முகம் சுண்டிவிட்டது. ஜீப் திரும்பி வந்து மண் ரோட்டைப் பிடித்தது. ஆனாலும் ஒரு விஷயத்தில் சரியாக இருப்பவன் எல்லாவற்றிலும் சரியாக இருப்பான் என்று என்ன நிச்சயம்? அவள் மறுபடியும் பிடரியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வெயில் ஏறியது. மரங்கள் குட்டையாகி, புதராகி, கடைசியில் இல்லாமலே போயின. பத்து மணிக்குப் பழைய ரயில்பாலம் ஒன்று குறுக்கே வந்தது. ரோடு அதன் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது. பாலத்தில் பதின்மூன்று அடி என்று உயரம் எழுதியிருந்தது. கருவி நேராகப் போகச் சொன்னது. ஜீப் உள்ளே நுழைந்தது.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!”

மலர்க்கொடி ஓடும் ஜீப்பிலிருந்து குதித்தே விட்டாள். பாலத்தின் இரும்பு உத்தரத்தில் பச்சைப் பெயின்ட் நீளமாக இழுபட்டிருந்தது. கீழே மணலில் தகரத் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துப் புரட்டினாள். மயில் தோகை! அவள் கையால் வெட்டி, அவள் கையால் பெயின்ட் அடித்த மயிலின் தோகை.

திருச்செங்கோட்டில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை அவர்களுடையது. அளவெடுப்பதும் வரைவதும் மலர்க்கொடியின் வேலை. அண்ணன் லாரியின் கேபின் மேல், இரண்டு பக்கமும் மயில் வைத்த பெயர்ப்பலகையைச் செய்து போல்ட் போட்டு மாட்டியவளும் அவள்தான்.

“எங்கண்ணன் இது வரைக்கும் வந்திருக்கான். வண்டி உள்ள போகல!” அவள் அங்கமுத்துவின் பக்கம் திரும்பினாள். “போகும்னு இந்தக் கருவி எப்படிச் சொல்லுச்சு? ஒசரம் எத்தனை அடின்னு போட்டீங்க? யாரு போட்டது?”

அங்கமுத்துவின் முகம் வெளிறியது. “நாந்தானுங்க போட்டேன். பன்னெண்டரை அடி.”

“பன்னெண்டரையா! யாரு சொன்னா பன்னெண்டரைன்னு?”

“நீங்கதானுங்க அம்மணி.”

அங்கமுத்து பிரஷ் பிடிப்பது போல விரலைக் குவித்துக் காட்டினான்.

“கேபின் கதவுக்கு உள்பக்கம் நீங்களே பிரஷ்ல எழுதி வெச்சிருக்கீங்களே. ஆர்.சி புக்கைக் கூட நாங்க பாக்கறதில்லீங்க. உங்க பட்டறை எழுத்தைத்தான் நம்புவோம்.”

ஆம், அது அவர்கள் பட்டறை வழக்கம். பாடி கட்டி முடித்ததும் கடைசி வேலையாகக் கதவின் உள்பக்கம் உயரத்தை எழுதி, தேதி போடுவார்கள். தை மாதம் எழுதினாள், பன்னிரண்டரை அடி. பங்குனியில் லாரி பெயின்டுக்கு வந்தபோது பெயர்ப்பலகையை ஏற்றினாள். “எதுக்கு புள்ள இதெல்லாம்?” என்று அண்ணன் சொன்னதற்கு, “வண்டின்னா ஒரு களை வேண்டாமா?” என்று அடம்பிடித்து ஏற்றினாள். ஒன்றரை அடிப் பலகை. அன்றைக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை அனுப்பிய அவசரத்தில், கதவில் இருந்த எண்ணை மாற்றவில்லை.

மூன்று நாளாக ஊர் முழுவதையும் சந்தேகப்பட்டவளுக்கு, அந்தப் பட்டியலில் தன் பெயர் இல்லாதது இப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை.

“பதினாலு அடின்னு மாத்துங்கண்ணா. இந்தப் பாலத்துக்கு முன்னால இருந்து வழி கேளுங்க” என்றாள்.

“அவரு திரும்பி மெயின் ரோட்டுக்கே போயிருந்தா?”

“போயிருந்தா போன்ல பேசியிருப்பான். பாதி வழியில திரும்பற ஆளா அவன்? நீங்க போடுங்க!”

அங்கமுத்து விரலால் தட்டினான். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பொன்னம்பலம் தன் போனில் வரைபடத்தைத் திறந்து, “இங்கிருந்து அஞ்சு தடம் பிரியுது பாருங்க. ஒண்ணொண்ணா தேடினா நாலு நாளாகும்” என்று கையைப் பிசைந்தார்.

வட்டம் நின்றது. ஒரே ஒரு கோடு! பாலத்துக்கு முன்பே வடக்கே திரும்பி, உப்பளங்களைச் சுற்றிக்கொண்டு போனது. மற்ற நான்கு தடங்களில் சிலவற்றில் வளைவு போதாது, சிலவற்றில் பாலம் தாங்காது. பதினான்கு அடி உயரமும் முப்பது டன்னும் உள்ள வண்டிக்கு அந்தப் பக்கத்தில் வேறு வழியே கிடையாது.

பொன்னம்பலம் கோட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “வேனல்ல இதுல உப்பு லாரி போவுங்க. அந்தத் தடத்தைப் பாத்துத்தான் உங்கண்ணனும் இதுல போயிருப்பாரு. ஆனா நாலு நாளைக்கு முன்னால திடீர்னு மழை பேஞ்சுதே! மேலாப்புல காஞ்சிருக்கும், அடியில சேறு. கால வெச்சா முழங்கால் வரைக்கும் இழுத்துரும்.”

“அப்ப வண்டி அங்கதான் நிக்குது. விடுங்க!”

இரண்டாவது உப்பளம் தாண்டியதும் தடம் தெரிந்தது. இரட்டை டயர்களின் அகலமான தடம், வெள்ளை உப்பின் மேல் நேராக வடக்கே போனது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். டமால்! ஜீப்பின் முன் சக்கரங்கள் இரண்டும் உப்பை உடைத்துக்கொண்டு சேற்றில் இறங்கின.

பொன்னம்பலம் மண்வெட்டியை எடுத்தார். “நான் தோண்டி வண்டியை வெளிய எடுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் தண்ணியத் தூக்கிட்டு நடங்க. நிக்காதீங்க!”

அங்கமுத்து கையிலிருந்த கருவியை மலர்க்கொடி எட்டிப் பார்த்தாள். அந்தத் தடம் முடிய இன்னும் ஆறு கிலோமீட்டர். நடந்தார்கள். மலர்க்கொடி ஒரு கையில் தண்ணீர் கேனும், மறு கையில் ஜீப்பிலிருந்து எடுத்த ஜாக்கி ராடுமாக நடந்தாள். ராடு எதற்கு என்று அங்கமுத்து கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உயரத்தில் அவன் தப்பு இல்லை, சரி. கருவியை அவன் ஏன் தரமாட்டேன் என்றான்? அதற்கு இன்னும் பதில் இல்லையே! பொன்னம்பலம் ஜீப்பைத் தூக்கியதும் எந்தப் பக்கம் ஓட்டுவார்?

அரை மணி நேரத்தில் திரை அணைந்துவிட்டது.

“என்னண்ணா ஆச்சு?”

“பேட்டரிங்க. இது எப்பவும் வண்டியில சொருகியே இருக்கறது. தனியா அரை மணி நேரந்தான் தாங்கும்.”

அந்த இடத்தில் உப்பு பாறை போல இறுகிக் கிடந்தது. டயர் தடமும் மறைந்துவிட்டது. நாலாபுறமும் வெள்ளை வெளேரென்று வெளிச்சம், தூரத்தில் தண்ணீர் போல நெளியும் கானல். அங்கமுத்து இடது பக்கம் கை காட்டினான். மலர்க்கொடி வலது பக்கம் என்றாள். அவன் சொல்வதாலேயே அது தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது கேட்டது. பாம்ம்... பாம்ம்...

ஏர் ஹாரன்! இடது பக்கத்திலிருந்து.

இரண்டு பேரும் ஓடினார்கள். அவள் ராடைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினாள்.

லாரி இடது பக்கம் சாய்ந்து, அச்சு வரை புதைந்து நின்றது. நல்லமுத்து கேபினில் படுத்திருந்தான். உதடுகள் வெடித்திருந்தன. வலது கால் வீங்கிப் பூசணிக்காயாகக் கிடந்தது. சக்கரத்துக்கு ஜாக்கி போட்டபோது அது நழுவிக் காலில் விழுந்துவிட்டதாம். போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் நேற்றுக் காலையே தீர்ந்துவிட்டது. மணிக்கு ஒரு தடவை எஞ்சினைப் போட்டு ஹாரன் அடித்திருக்கிறான்.

“கொஞ்சம் கொஞ்சமா குடிண்ணா! மடக்குனு குடிக்காதே!” மலர்க்கொடி அழுதுகொண்டே தண்ணீரைப் புகட்டினாள். “அந்தப் பாலத்துலயே பலகையைக் கழட்டி எறிஞ்சுட்டு நேராப் போயிருக்கலாமில்ல? அரை மணி நேர வேலையாச்சே!”

“கழட்டலாம்னுதான் ஸ்பேனரை எடுத்தேன் புள்ள” என்றான் நல்லமுத்து. “ஒரு மயிலு அடிபட்டதுக்கே மனசு ஆறல. நீ எத்தனை நாள் உக்காந்து வெட்டினே... எனக்குக் கை வரல.”

 அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

ஜீப் வருமா என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் வந்தது. பொன்னம்பலம் தலை முதல் கால் வரை சேறும் உப்புமாக இறங்கினார். “என்னய்யா இப்படி ஒளிஞ்சுகிட்டே? உம் பேர்ல மூணு நாள் சாப்பாடு வீணாப் போச்சு!” என்று நல்லமுத்துவைத் திட்டிவிட்டு, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்லமுத்துவின் காலுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். மறுநாள் கிரேன் போய் லாரியை இழுத்தது. இயந்திரம் ஒரு கீறலும் இல்லாமல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடிட்டான் என்று கத்திய முதலாளி போனில் குழைந்தார். அதற்கு அடுத்த நாள் மத்தியானம், கைத்தடியோடு மெஸ்ஸுக்கு வந்த நல்லமுத்துவைப் பார்த்து டிரைவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மலர்க்கொடி அத்தனை பேர் முன்னாலும் அங்கமுத்துவிடம் போனாள்.

“அண்ணா, என்னை மன்னிச்சுருங்க. நீங்கதான் எங்கண்ணனை ஏதோ பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். தப்பு பூராவும் என்னோடது. மத்தவங்களை ஆராயறதுக்கு முன்னால என் கையெழுத்தை ஒரு தடவை பாத்திருக்கணும்.”

அங்கமுத்து தலையைச் சொறிந்தான். “வுடுங்க அம்மணி. அந்தக் காய்ச்சலு நெசந்தானுங்க, மாத்திரை போட்டதும் பசிச்சிருச்சு. நான் மட்டும் என்ன? லோடைத் தேடறதுக்குத்தான் மொதலாளி உங்களை அனுப்பியிருக்காரு, அண்ணனைப் புடிச்சுக் குடுக்கப் போறீங்கன்னு நெனச்சேனுங்க. அதனாலதான் ஜி.பி.எஸ்ஸை உங்க கையில தரல.”

“கூடப் பொறந்தவ, நானா அண்ணா காட்டிக் குடுப்பேன்?” மலர்க்கொடி பொன்னம்பலத்தின் பக்கம் திரும்பினாள். “நீங்களாச்சும் எங்களை நம்பிக் கூட வந்தீங்களே!”

பொன்னம்பலம் கல்லில் பரோட்டாவைத் திருப்பிப் போட்டார்.

“நம்பவா? லோடை அமுக்க நீங்க ரெண்டு பேரும் கூட்டுன்னு நெனச்சேன். அதான் ஜீப்புச் சாவியை உங்ககிட்டத் தரல!”

முதலில் சிரித்தது நல்லமுத்துதான்.