பக்கத்து அலைவரிசை

வேன் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

ரூபினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கதவைத் தள்ளித் திறந்தாள். தூறலோடு ஒரு முகமும் உள்ளே எட்டிப் பார்த்தது. கறுப்புச் சட்டை, கழுத்தில் ஹெட்போன், மூச்சிரைப்பு... நெற்றி முடியிலிருந்து ஒரு மழைத்துளி நழுவி அவளுடைய கீபோர்டில் விழுந்தது.

"மேடம், வண்டி மேல என்னமோ கம்பி நட்டு வெச்சிருக்கீங்களே... அத ஆஃப் பண்ணுங்க."

"அது கம்பி இல்ல, ஆன்டெனா. டெஸ்ட் நடக்குது. பர்மிஷன் இருக்கு."

"இருக்கட்டும் மேடம். உள்ள சர்ச்ல கல்யாணம் நடக்குது. மாப்பிள்ளை வாயத் திறந்தா மைக்ல கரகரன்னுதான் வருது. ஒத்துக்கிட்டானா, மாட்டேன்னுட்டானான்னே யாருக்கும் புரியல."

"எங்க சிக்னல் உங்க மைக்கோட அலைவரிசையில இல்ல. பக்கத்துலதான் இருக்கு. இவ்ளோ தூரத்துல அது உங்கள ஒண்ணும் பண்ணாது. நான் கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன்."

"உங்க கணக்கு சரியாதான் இருக்கும். இங்க கல்யாணம்தான் தப்பாப் போயிட்டிருக்கு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம், கொஞ்ச நேரம்தான்."

திட்டத்தான் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை. பதற்றம் இருந்தது... பதற்றத்துக்கும் அடியில், அடக்கி வைத்த ஒரு சிரிப்பு. அவள் கை தானாக ஸ்விட்சுக்குப் போயிற்று.

அணைத்த மறுநொடி, லிங்கராஜபுரத்தின் அந்தச் சின்னத் தேவாலயத்துக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் கணீரென்று தெருவரை வந்தது. "ஏற்றுக்கொள்கிறேன்."

அவன் புருவத்தை உயர்த்திக் காட்டிவிட்டு மழையில் ஓடிப்போனான்.

ரூபினிக்குக் காது மடல் சுட்டது.

அவளுடைய வேலையே அந்தக் கணக்குதான். புதிதாக ஒரு கம்பியில்லாக் கருவி ஊருக்குள் வருகிறதென்றால், பக்கத்து அலைவரிசைக்காரர்களுக்கு அது எவ்வளவு தொந்தரவு கொடுக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். தோம்லூரில் அந்தச் சின்னக் கம்பெனியில் அவள் கணக்கை யாரும் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை. ஸ்ரீராம்புரத்துச் சந்திலிருந்து, மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் மகளாக இந்த நாற்காலிக்கு வந்தவள் அவள். தப்பு செய்யாமல் இருப்பதுதான் அவளுடைய ஒரே பெருமை.

அது ஒரு ஹெட்போன்காரன் முன்னால் போய்விட்டது.

லேப்புக்குத் திரும்பிய பிறகும் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். எண்களை மாற்றிப் போட்டாள்... எல்லாம் சரியாகவே வந்தது. கண்ணை மூடினால் மட்டும் வரைபடத்துக்குப் பதிலாக, நெற்றி முடியிலிருந்து நழுவிய அந்த ஒற்றைத் துளி. சீ... என்ன இது? தேவாலய வாசலில் நின்ற லக்கேஜ் ஆட்டோவில் 'டென்சில் சவுண்ட்ஸ்' என்று எழுதி ஒரு எண் இருந்தது. அது ஏன் மனப்பாடமாக நினைவிருக்கிறது?

"ஹலோ... நான் அன்னிக்கு வேன்ல..."

"கம்பி மேடமா?"

"ஆன்டெனா."

"சொல்லுங்க ஆன்டெனா மேடம்."

"உங்க மைக், ரிசீவர் எல்லாம் எங்க லேப்புக்கு எடுத்துட்டு வர முடியுமா? அளந்து பாக்கணும்."

"கல்யாணத்த நிறுத்தப் பாத்தீங்க, இப்போ பொழப்பையேவா?" என்றான். ஆனால் மறுநாளே வந்து நின்றான்.

"பக்கத்து வீட்டுச் சத்தம் நமக்கு ரெண்டு விதமா கேக்கும்," என்று அவனுக்கு விளக்கினாள். "அவங்க கத்தறது சுவர் தாண்டி வரலாம். இல்ல, நம்ம ஜன்னல் சரியா சாத்தாம இருக்கலாம். ரிசீவர்தான் ஜன்னல்."

"எங்க வீட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாளே கிடையாது மேடம்," என்றான் டென்சில் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் கவனித்தாள்... அவன் ரிசீவரைப் பார்க்கவில்லை.

அதன்பின் தினமும் ஏதோ ஒரு காரணம் கிடைத்தது. "இன்னும் ஒரே ஒரு அளவு பாக்கி," என்பாள். அவனும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். கீழே தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே ஒரு காபியை இரண்டு டம்ளராகப் பிரித்து 'பை டூ' காபி. எந்தக் கல்யாணத்தில் பாதிரியார் மைக்கை அணைக்க மறந்து சமையல்காரரைத் திட்டினார், எந்தப் பாட்டுக் குழுவில் யாருக்குச் சுருதி சேராது... அவன் சொல்லச் சொல்ல, டம்ளர் காலியான பிறகும் அவள் அதைக் கையிலேயே வைத்திருப்பாள். அவன் வராத பொழுதுகளில் லேப்பின் ஏசி சத்தம்கூட எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் மேலாளர் சீனிவாசராகவன் வந்து நின்றார். "என்னம்மா, ரிசல்ட் என்ன ஆச்சு?"

ரூபினி வேகமாகச் சொன்னாள். "நம்ம சிக்னல் எல்லையத் தாண்டல சார். என் கணக்குல தப்பில்ல. மைக் ரிசீவர்னா கம்பெனிக்காரங்க சொல்ற தரத்துல இருக்கும்னு நெனச்சுட்டேன். அவங்க வெச்சிருக்கறது மட்டம். அதான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அப்படியே எழுதிடுங்க. கருவி செய்யற கிளையண்ட் மேல தப்பில்ல."

திரும்பினாள். கண்ணாடிக் கதவருகே டென்சில். இரண்டு கையிலும் காபி.

அவள் மேசையில் ஒரு டம்ளரை வைத்தான். பிறகு தன் பெட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கினான்.

"டென்சில், நான் சொன்னது..."

"சரியாதான் சொன்னீங்க மேடம். எங்க ஏரியாவுல கல்யாணம் பண்றவங்க குடுக்கற காசுக்கு இந்த மட்டம்தான் வரும்."

போய்விட்டான். அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

மட்டம்... அந்த வார்த்தையை அவள் எத்தனை முறை வாங்கியிருக்கிறாள். பள்ளியில், அப்பாவின் சீருடையைப் பார்த்தவர்களிடமிருந்து. அதையேவா அவனுக்குக் கொடுத்தாள்? ஸ்ரீராம்புரத்து மாரியம்மன் கோவிலிலும், லிங்கராஜபுரத்து ஹால்களிலும் இருப்பதெல்லாம் அவன் வைத்திருப்பது போன்ற ரிசீவர்கள்தானே. அந்தப் புதுக் கருவி வந்தால் எல்லாம் ஒரே நாளில் ஊமையாகும். 'தப்பு உங்களுடையது' என்று சொல்லிவிட்டால் போதுமா?

கணக்கை முதலிலிருந்து போட்டாள். இருக்க வேண்டிய ரிசீவரை வைத்து அல்ல, இருக்கிற ரிசீவரை வைத்து. பதில் தெளிவாக வந்தது. இரண்டு அலைவரிசைகளுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். புதுக் கருவியின் சக்தியையும் குறைக்க வேண்டும்.

புது அறிக்கையைப் படித்துவிட்டு சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார். "கிளையண்ட் ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"இதையே அனுப்புங்க சார். இல்லன்னா ரிப்போர்ட்ல என் பேர எடுத்துடுங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அறிக்கை அவள் எழுதியபடியே போயிற்று. அந்த வேலையின் அடுத்த கட்டம் வேறொருவருக்குப் போயிற்று. வலித்தது. ஆனால் அவளை நிலைகொள்ளாமல் அலைக்கழித்தது அதுவல்ல.

சனிக்கிழமை சாயங்காலம் லிங்கராஜபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நல்ல மழை. ஒரு ஹால் வாசலில் அந்த ஆட்டோ நின்றது. உள்ளே, காலி நாற்காலிகளுக்கு நடுவே, டென்சில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். நனைந்து நின்றவளைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது.

"ரிப்போர்ட்ட மாத்தி எழுதிட்டேன். உங்க மைக்குக்கு இனிமே ஒண்ணும் ஆகாத மாதிரி."

"தேங்க்ஸ் மேடம்."

"இன்னும் கோவமா?"

"கோவம்தான். இல்லன்னா பொய்." ஒயரை ஒரு சுற்று சுற்றினான். "ஆனா போன் எடுக்காதது அதுக்கில்ல. எடுத்தா இன்னும் ஒரு அளவு பாக்கின்னு சொல்லுவீங்க. நான் இருக்கற வேலைய விட்டுட்டு ஓடி வருவேன். நீங்க எங்க, நான் எங்க... இது எங்க போய் முடியும்?"

மழை தகரக் கூரையில் இரைந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை...

"அளவு எதுவும் பாக்கி இல்ல, டென்சில். முதல் நாளே எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கூப்பிட்டதெல்லாம்... உங்கள பாக்கத்தான்."

அவன் தலை நிமிரவில்லை. உதட்டோரம் மட்டும் மெல்ல அசைந்தது.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டாவது நாள் அந்த மெஷின் ஆன்லயே இல்ல. லைட்டே எரியல. நீங்க பாட்டுக்கு சீரியஸா நம்பர் எழுதிட்டிருந்தீங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சுமா... தெரிஞ்சும் ஏன் தினமும் வந்தீங்க?"

ஒயரைக் கீழே வைத்துவிட்டு அவன் அருகில் வந்தான். கண்களுக்கு நேராகப் பார்த்தான்.

"நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்களோ, அதுக்குத்தான் ரூபினி."