கேமராவைத் துடைக்க வேண்டாம்

திரையில் ஒரு தீவு. தீவு முழுக்கக் கடற்பறவைகள். உலகமே இணையத்தில் அந்தப் பறவைகளைப் பார்த்தது. பட்டாணி மட்டும் படத்தின் இடது ஓரத்தில் தெரியும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்தாள்.

அப்பா அந்தப் பாதையில்தான் வருவார்.

தீவின் கேமராக்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மழைக்காலம் முடிந்துதான் வீட்டுக்கு வருவார். கேமராவுக்கு இன்டர்நெட் உண்டு, அப்பாவின் போனுக்கு சிக்னல் கிடையாது. அலுவலக ஒயர்லெஸ்ஸில் வேலை விஷயம் மட்டும்தான் பேசலாம். பட்டாணி வேலை விஷயம் இல்லையாம்.

சனிக்கிழமை தோறும் அப்பா ஏணியில் ஏறி, கேமராக் கண்ணாடியில் இருக்கும் பறவை எச்சத்தைத் துடைப்பார். அவர் முகம் திரை முழுக்க வரும். ஒரு கண்ணை மூடி மூக்கைச் சுருக்குவார். கண்ணில் தூசி என்று உலகம் நினைக்கும். அது யாருக்கென்று பட்டாணிக்குத் தெரியும்.

"ஒரு நிமிஷ மூஞ்சிக்கு வாரம் முழுக்கத் தவமா?" என்பான் அண்ணன். ஆனால் சனிக்கிழமை வந்தால் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான் பல் தேய்ப்பான்.

இந்த வாரம் எச்சம் ஏகத்துக்கு. பாதித் திரை வெள்ளை. 'யாராவது துடைங்கப்பா' என்று பார்வையாளர்கள் கீழே எழுதித் தள்ளினார்கள். பட்டாணிக்கு ஒரே குஷி.

வெள்ளிக்கிழமை மாலை, திரையின் அடி ஓரத்தில், பாதை வந்து முடியும் இடத்தில், கேமராக் கம்பத்தின் அடியில் ஏதோ அசைந்தது. ஒரு பறவை எழுந்து, அடியில் இருந்ததை அலகால் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

"அண்ணா, முட்டை. கம்பத்துக்குக் கீழேயே."

"அதுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"அப்பா ஏணியோட வந்தா அது பறந்துடும். உடனே கடற்காக்கா முட்டையைத் தூக்கிட்டுப் போயிடும். போன மாசம் ஒண்ணு அப்படித்தான் போச்சு."

அண்ணன் குனிந்து திரையை உற்றுப் பார்த்தான். "சொல்லிட்டா அப்பா வரமாட்டாரு. குஞ்சு வளர்ந்து கிளம்பற வரைக்கும்."

"தெரியும்."

பட்டாணி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஒயர்லெஸ் ஆன்ட்டி குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்குத் துடைப்பாருன்னுதானே?"

"இல்ல ஆன்ட்டி. துடைக்க வேண்டாம்னு சொல்லணும். கம்பத்துக்குக் கீழே முட்டை இருக்கு. இது வேலை விஷயம்தான்."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம். "சொல்லிடறேன்மா."

சனிக்கிழமை யாரும் வரவில்லை. எச்சம் இன்னும் கொஞ்சம் விழுந்தது. பாதை மட்டும் ஓரமாகத் தெரிந்தது, காலியாக. அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

பட்டாணி கம்ப்யூட்டரை அணைக்கப் போனாள். அப்போது பாதையின் அந்தக் கோடியில், பாறை மேல், கடுகளவு ஏதோ தெரிந்தது.

"ஆமை," என்றான் அண்ணன், நுரையோடு.

"ஆமை ஏணி தூக்குமா?"

கடுகு ஏணியைத் தலைக்கு மேல் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டியது. 'ஏணி இருக்குல்ல, துடைக்க என்ன கேடு?' என்று ஒரு பார்வையாளர் எழுதினார்.

அவ்வளவு தூரத்தில் மூக்கு தெரியவில்லை. இருந்தாலும் பட்டாணி ஒரு கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கினாள்.

பின்னால் அண்ணனும்.