மெர்சிக்குப் பதில் சொன்னவள்

1996-ம் ஆண்டு, தென்கோளத்து ஜூன் மாதக் குளிரில், இரண்டு பைகளோடு லோஜனா ஒடாஹுஹு என்ற ஊரின் பழைய பாதிரியார் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். தேவாலயத்துக்குப் பின்னால், ஈரம் காயாத புல்லுக்கு நடுவே நின்ற மரவீடு. வாரம் ஒருமுறை தேவாலயத்தைக் கூட்டித் துடைத்தால் வாடகை பாதிதான். கணவன் பிரதாபனுக்கு விசா கிடைத்துக் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை அவளுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். சைவக்காரிக்குப் பாதிரியார் வீடா என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

சாவி கொடுத்தவள் சபை அலுவலகத்தில் வேலை செய்யும் வேதவள்ளி, மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். வாய் ஓயாதவள். வீட்டைக் காட்டிக்கொண்டே அதன் கதையையும் சொல்லி முடித்தாள்.

கட்டியவர் ஹார்க்கர் பாதிரியார். வெள்ளைக்காரர்கள் இங்கே குடியேறத் தொடங்கிய காலத்தில் வந்தவர். சிரித்தால்கூடப் பாவம் என்று நினைக்கும் கண்டிப்பான தூய்மைவாதி. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் ஹாலில் வரிசையாக நிறுத்திப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் ஜெபம். கடைக்குட்டி மெர்சி ஒன்பது வயதில் ஆற்றில் மூழ்கிச் செத்தாள். அடுத்த ஞாயிறும் அவர் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் பதில் சொல்லும்வரை யாரும் உட்காரக் கூடாது என்றார். அதன் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான்.

"அவரு செத்த பிறகுதான் அந்தப் புள்ளைங்க உக்காந்துச்சுங்களாம்," என்றாள் வேதவள்ளி.

லோஜனாவுக்குப் பயம் வரவில்லை. அவளை அரித்தது தனிமை. இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. வேலை பார்க்கும் ரொட்டித் தொழிற்சாலையில் அவள் வெறும் 'ஜோ'. வேதவள்ளிக்கு 'தங்கச்சி'. பிரதாபன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசும் நாலு நிமிடம் தவிர, 'லோஜனா' என்று கூப்பிட இந்த ஊரில் ஒரு மனித சீவன் இல்லை. சில நாள் கண்ணாடியைப் பார்த்துத் தானே தன்னைக் கூப்பிட்டுக்கொள்வாள். அழுகை வரும்.

மூன்றாவது ஞாயிறு, பொழுது சாயும் நேரம். அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கம்பளியும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை எங்கிருந்தோ வந்தது.

ஹாலில் பலகை கிரீச்சிட்டது. இன்னொன்று. இன்னொன்று. தாயும் மிச்ச நாலு பிள்ளைகளும்போல ஐந்து பேர் வந்து வரிசையாக நிற்கும் சத்தம்.

பிறகு ஓர் ஆண் குரல் பெயர்களைக் கூப்பிட்டது. நாலு பெயர்களுக்கு நாலு மெல்லிய குரல்கள் பதில் சொல்லின.

"மெர்சி."

பதில் இல்லை.

"மெர்சி."

யாரோ சின்னப் பிள்ளை, கால் கடுத்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நிற்கும் சத்தம் கேட்டது. லோஜனாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஊரில் இராணுவம் இணுவிலைச் சுற்றிவளைத்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பெயருக்கு ஆள் வரவில்லை என்று ஊரையே பொழுதுபடும்வரை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். யாராவது 'ஓம், நான்தான்' என்று சொல்லித் தொலைத்தால் குழந்தைகளாவது உட்காருமே என்று அன்று அத்தனை பேரும் மனசுக்குள் மன்றாடினார்கள். அவளும்தான்.

பயத்தைவிட இரக்கம் முந்திக்கொண்டது.

"ஓம்," என்றாள் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து. "இங்கதான் நிக்கிறன்."

ஹாலில் கால்கள் சிதறி ஓடின. ஒரு பிள்ளை சிரித்தது. வாசல் கதவு திறந்து மூடியது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு அவள் மிச்சக் கோப்பைகளையும் கழுவி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குப் பலகைகள் கிரீச்சிடவில்லை.

"மெர்சி."

அடுப்படிக் கதவுக்கு அந்தப் பக்கம். குரலில் கோபம் இல்லை. அவ்வளவு ஆசையாக அவளை யாரும் கூப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று. வாய் தானாகத் திறந்தது. ஈரக் கையால் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட வேதவள்ளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "பதில் சொல்லிட்டியா?" என்றாள் மெதுவாக. "எத்தனையோ பேருக்கு அது கேட்டிருக்கு. யாரும் பதில் சொன்னதில்ல, தங்கச்சி." அன்றே அவளை இரண்டு தெரு தள்ளி ஒரு கடை மாடிக்குக் குடிமாற்றினாள்.

செப்டம்பரில் பிரதாபனுக்கு விசா வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். விமான நிலையத்தில் அவன் "லோஜனா" என்று இரண்டு முறை கத்தியும் அவள் அந்தப் பெயருக்குரியவள் யார் என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொந்தப் பேரையே மறந்திட்டீரோ?" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அன்று மாலை ஆறு மணி வாக்கில் பிரதாபன் கடை மாடி அடுப்படியில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டான். கொஞ்சம் சொதி விடச் சொல்லி அவளைக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் முறை அவன் குரலில் பயம் தட்டியது.

நடையில், சுவரோடு முதுகு ஒட்டி, கால்களைச் சேர்த்து வைத்து அவள் நின்றாள். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். பாவம், அந்தப் பெண் ஏன் போகாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஈரக் கம்பளி வாசனை வந்தது.

பிரதாபன் இடியப்பக் கோப்பையோடு நடைக்கு வந்து நின்றான். அவனுக்கு வேறு எந்தக் குரலும் கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது, ஒன்பது வயதுப் பிள்ளையின் குரலில்.

"ஓம், அப்பா. இங்கதான் நிக்கிறன்."