மணல்திட்டில் காத்து நின்ற படகுகள்

வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அந்திச் செம்மை கரைந்து, கீழ்வானில் முழுமதி எழுந்து, அலைகளின் மேல் வெள்ளிப் பாதை விரித்துக்கொண்டிருந்தது. கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் வாசகர்களே, அதை ஏறிட்டுப் பார்க்கும் தெம்பு அந்தப் பாசறையில் ஒருவருக்கும் இல்லை. சங்கத்தீவின் கோட்டையைப் பிடிக்கப் படகேறிப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் ஈர ஆடையைக்கூட மாற்றாமல் மணலில் கிடந்தார்கள்.

நடுக் கூடாரத்தில் இளவரசர் விக்கிரமகேதுவின் முன்னிலையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அரச படகைச் செலுத்திய மீகாமன் கடம்பன் சாத்தன் கைகள் கட்டப்பட்டு நின்றான். தீவின் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் அந்தப் படகு மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது, பகைவரின் அம்புகள் மழையாகப் பொழிந்தன, எல்லாம் பாழாயிற்று.

“பகைவனிடம் கைக்கூலி வாங்கிய துரோகி இவன்! தலையைக் கொய்ய ஆணையிடுங்கள், பிரபு!” என்றார் தளபதி மழவரையர். மற்றத் தலைவர்களும் ஆமோதித்தார்கள். தோல்விக்கு ஒரு தலை கிடைத்துவிட்டால் எல்லோரும் நிம்மதியாக உறங்கலாம் அல்லவா?

“கலங்கல் நீரில் திட்டு தெரியவில்லை, பிரபு. வேறொன்றும் அறியேன்,” என்றான் கடம்பன். உயிருக்கு மன்றாடக்கூட அவனிடம் வலுவில்லை.

அப்போது பூதிநங்கை எழுந்தாள். இளவரசருக்கு நிச்சயிக்கப்பட்டவள், அந்தப் போரில் மாண்ட வில்லாளர் தலைவர் சேந்தனாரின் ஒரே மகள். அழுது அழுது அவள் கண்கள் வறண்டிருந்தன.

“மழவரையரே, அரச படகு தட்டியபோது உங்கள் படகும் தட்டியதா?”

“இல்லை அம்மணி. சிறிய படகு, திட்டின் மேலேயே மிதந்து போயிருக்கும்.”

“பிறகு ஏன் கரையேறவில்லை?”

மழவரையர் திகைத்தார். “இளவரசர் கால் வைக்காத கரையில் நான் எப்படி முதலில் கால் வைப்பேன்? அது முறையாகுமா?”

ஒவ்வொரு தலைவரையும் கேட்டாள். எல்லோரும் அதே பதிலைச் சொன்னார்கள்.

“என் தந்தை?”

“அவரும்தான், அம்மணி. கையை உயர்த்தி எங்களை நிறுத்தியவரே அவர்தான்.”

பூதிநங்கை விக்கிரமகேதுவின் பக்கம் திரும்பினாள். “கேட்டீர்களா இளவரசே? என் தந்தையைத் துரோகம் கொல்லவில்லை. உங்களுக்கு வழிவிட்டு நின்றே செத்தார்,” என்றாள்.

 தட்டிய படகிலிருந்து விக்கிரமகேது திரும்பிப் பார்த்திருந்தார். படகுகள் காத்து நின்றதைக் கண்டிருந்தார். முன்னே செல்லுங்கள் என்று ஒரு குரல் கொடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் நின்றது முறைதான் என்றே அப்போது அவருக்கும் பட்டது.

அவர் எழுந்து வந்து கடம்பனின் கட்டைத் தம் கையாலேயே அவிழ்த்தார். உடைவாளை உருவினார்.

“குலதெய்வத்தின் மேல் ஆணை! இனி எவரும் எனக்காகக் காத்து நிற்கலாகாது. முதலில் கரையேறுகிறவன் எவனோ, அவனே அன்றைய சேனாதிபதி!”

“ஆணைப்படியே, பிரபு!” என்று தலைவர்கள் முழங்கினார்கள்.

“நல்லது. போய் உறங்குங்கள்.”

யாரும் அசையவில்லை. இளவரசர் முதலில் வெளியேறுவதற்காகத் தலைகுனிந்து நின்றார்கள்.

பூதிநங்கை அவர்களைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்து வெளியே போனாள். சற்றுத் தயங்கிய கடம்பனும் அவள் பின்னே போனான். அவள் மீது விக்கிரமகேதுவுக்கு அந்தக் கணத்தில் எழுந்த காதல் அதற்கு முன் ஒருநாளும் எழுந்ததில்லை.

மழவரையரின் முகம் சிவந்தது. “துக்கத்தில் அம்மணி முறை தவறிவிட்டார். பொறுத்தருள வேண்டும். தாங்கள் எழுந்தருளுங்கள், பிரபு,” என்று சொல்லி, கூடாரத் திரையைப் பணிவோடு தூக்கிப் பிடித்தார்.