வியாழக்கிழமைக் கறுப்பு

“கேக்கறது தப்புன்னா மன்னிச்சிடுங்க... உங்க வீட்டுல யாரு தவறிட்டாங்க?”

ரூனா திடுக்கிட்டுத் திரும்பினாள். பெர்கன் நகரத்து மழை அவள் குடையை வளைத்துக்கொண்டிருந்தது. டிராமின் கடைசி நிறுத்தம். வண்டியைத் திரும்ப ஓட்டிப் போக, முன்பக்க அறையிலிருந்து இறங்கிப் பின்பக்க அறைக்குப் போக வேண்டிய ஓட்டுநர், பாதி வழியில் அவள் எதிரே நின்றிருந்தான்.

அந்தக் கண்கள்...

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்களைப் பார்ப்பதுதான் ரூனாவின் வேலை. நீலம், சாம்பல், பச்சை... எத்தனையோ பார்த்தாயிற்று. மழை வரப்போகும் கடலின் நிறத்தில், இத்தனை கரிசனத்தோடு தன்னையே பார்க்கும் கண்களை இன்றுதான் பார்க்கிறாள்.

“ரெண்டு மாசமா பார்க்கறேன். வியாழக்கிழமை ஆனா கறுப்புக் கோட்டு, கறுப்பு பூட்ஸ், அதே பதினொன்னே முக்கால் வண்டி. கல்லறைக்குத்தான் போறீங்கன்னு... கணவரா?”

இந்த ஊரில் முன்பின் தெரியாதவரிடம் பேச வேண்டுமானால் மலை ஏறிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை குடித்திருக்க வேண்டும். இவன் இரண்டும் இல்லாமல் பேசுகிறான். எத்தனை வியாழன் ஒத்திகை பார்த்தானோ!

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். துக்கமில்லை. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களுக்காக, நான்கு திருச்சபைகளைச் சேர்ந்த பெண்கள் வியாழன்தோறும் கறுப்பு உடுத்தி மாலுமிகள் சிலையருகே அரை மணி நேரம் பேசாமல் நிற்கிறோம். அவ்வளவுதான்.

“நன்றிங்க” என்றாள் ரூனா. அவ்வளவுதான் வந்தது.

“என் பேரு எய்வின்.” அவன் ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டான்.

அன்றுதான் அவள் கோட்டிலிருந்த வட்டப் பேட்ஜை ஸ்கார்ஃபுக்குள் தள்ளினாள். அதில்தான் எல்லாம் எழுதியிருந்ததே!

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நிமிஷம். “ராத்திரி தூக்கம் வருதா?” “சரியா சாப்பிடறீங்களா?” ஒரு வாரம் காகிதப் பையில் சூடாக, லவங்கப்பட்டை தூவிய ஒரு பன். யாரோ ஒரு விதவைக்குச் சேர வேண்டிய அன்பு... திருடி வாங்கிக்கொள்கிறோம் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையே அடுத்த வியாழனுக்கு மனசு ஏங்கத் தொடங்கியது.

“என்னடி, பேட்ஜ் எங்க?” சிலையருகே நின்று முடித்ததும், கூட நிற்கும் போஷேனா பிடித்துவிட்டாள். போலந்துக்காரி, கத்தோலிக்கப் பெண், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.

ரூனா சொல்லிவிட்டாள்.

“ஐயோ கர்த்தாவே! உங்க லுத்தரன்காரங்களுக்குப் பொய் சொல்லவும் தெரியல, மறைக்கவும் தெரியல. எங்களுக்காவது பாவசங்கீர்த்தனம் இருக்கு, சாமியார்கிட்ட சொல்லித் தீர்த்துக்கலாம்.”

“எங்க மெதடிஸ்ட் காபி ரெண்டு கப் குடி, உண்மை தானா வெளியே வரும்” என்றார் குட்னி அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ்.

“அது காபியா? பாத்திரம் கழுவின தண்ணி!”

சபை வேறு என்பதால் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்க முடியாதவர்கள், ஒரே ஃபிளாஸ்கில் காபி குடிப்பார்கள். குட்னியின் கோயில் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. அடைக்கலம் தேடி வரும் பெண்களுக்கு. கட்டில் கத்தோலிக்கர்கள் தந்தது. தொலைபேசியைப் பெந்தெகொஸ்தே பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பிரசங்க மேடையில் யார் நிற்கலாம் என்று ஆரம்பித்தால் மட்டும் சண்டை.

“அவன்கிட்ட சொல்லிடு” என்றாள் போஷேனா. “அந்தப் பேட்ஜைப் பார்த்துட்டு அடிவாங்கற யாராவது ஒருத்தி உன்கிட்ட வந்து பேசியிருப்பா, தெரியுமா?”

சுருக்கென்றது.

ஜனவரியில் எய்வின் வெள்ளைப் பூங்கொத்தோடு இறங்கினான். “அவர் கல்லறையில வைங்க. என் பேரைச் சொல்ல வேணாம்.”

இதற்கு மேல் தாங்காது. “யாரும் சாகலைங்க. எனக்குக் கல்யாணமே ஆகல...” ஸ்கார்ஃபை விலக்கிப் பேட்ஜைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. “அப்போ இத்தனை நாள் இந்தக் கறுப்பு... வேஷமா?”

“வேஷமா?” ரூனாவுக்குப் பொங்கிவிட்டது. “உங்ககிட்ட மறைச்சது தப்பு. ஆனா இது வேஷமில்ல! இந்த ஊருல எத்தனை பொண்ணுங்க ‘மாடிப்படில விழுந்துட்டேன்’னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?”

அவன் பூங்கொத்தை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுவாரத்திலிருந்து ரூனா பஸ்ஸில் போனாள். பேட்ஜ் கோட்டின் மேலேயே இருந்தது. டிராம் மணி கேட்டால் மட்டும் தலை தானாகத் திரும்பியது. ‘வரட்டுமே... அவனே வரட்டும்’ என்றது வீம்பு. நான்கு வியாழன் போயிற்று. அவன் வரவில்லை.

ஐந்தாவது வியாழன். பனியும் மழையும் கலந்து கொட்டியது. பன்னிரண்டு அடித்ததும் பெண்கள் மௌனமாக எதிரெதிரே இரண்டு வரிசை கட்டினார்கள். இனி அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது.

அப்போதுதான் அவன் வந்தான். கறுப்புக் கோட்டில். ஒரே குடைக்குள், அவன் தோளில் சாய்ந்தபடி ஒரு பெண்.

இருவரும் எதிர் வரிசையில் வந்து நின்றார்கள்.

ரூனாவுக்குக் கண்ணை மூடவும் முடியவில்லை. ‘யார் இவள்? மனைவியா? காதலியா? நான்கே வாரத்திலா... ஆண்டவரே, பிறருக்காக நிற்கும் இடத்தில் என்னைப் பற்றி நினைக்கிறேனே...’ இமையில் விழுந்த பனி உருகிக் கன்னத்தில் வழிந்தது. பனிதான் என்று சொல்லிக்கொண்டாள். எய்வின் பார்வையை எடுக்கவே இல்லை. அரை மணி நேரம் இத்தனை நீளம் என்று யாருக்குத் தெரியும்?

குட்னி அம்மா கைமணியை ஆட்டினார்.

“இவ என் தங்கச்சி, இங்வில்” என்றான் எய்வின். “மாடிப்படில விழுந்து கை ஒடிஞ்சுதுன்னு ரெண்டு தடவை சொன்னா. நம்பிட்டேன். முன்பின் தெரியாத உங்ககிட்ட ‘தூங்கறீங்களா, சாப்பிடறீங்களா’ன்னு வாராவாரம் கேட்டவன், கூடப்பிறந்தவகிட்ட ஒரு தடவை கேட்கல. நீங்க அப்படிச் சொன்ன அன்னிக்கு வேலை முடிஞ்சு நேரா அவ வீட்டுக்குப் போனேன்... கேட்டேன்.”

இங்வில் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அழுது முடிக்க ஒரு வாரம் ஆச்சு. இப்போ அண்ணன் வீட்லதான் இருக்கேன்.”

“வாம்மா, காபி குடிக்கலாம். நல்லா இருக்காது, ஆனா சூடா இருக்கும்” என்று போஷேனா அவளை அணைத்து அழைத்துப் போனாள்.

இருவர் மட்டும். குடையில் பனி சொட்டியது.

“வேஷம்னு சொன்னது தப்பு” என்றான். “இன்னொண்ணும் சொல்லணும். உங்களுக்குப் புருஷன் யாரும் சாகலைன்னு தெரிஞ்சதும் முதல்ல வந்தது கோபம் இல்ல... சந்தோஷம். அதுக்கு வெட்கப்பட்டுத்தான் கோபப்பட்டேன். துக்கத்துல இருக்கற பொண்ணாச்சேன்னு எத்தனை வியாழன் மனசை அடக்கினேன் தெரியுமா? ரூனா... உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு.”

“நானும்தான்...” அவள் பேட்ஜைத் தொட்டாள். “அந்த ரெண்டு நிமிஷம் போயிடுமேன்னுதான் இதை மறைச்சேன். இனி மறைக்க மாட்டேன். யாருக்காகவும்.”

“மறைக்காதீங்க. எனக்கும் ஒண்ணு கொடுங்க.”

“நாளைக்கு வெள்ளி. உங்க வண்டிக்கு மஞ்சள் கோட்டுல வருவேன். அடையாளம் தெரியுமா?”

“ஏங்க, நான் கோட்டை மட்டுமா பார்த்தேன்?” என்றான் எய்வின், அவள் கண்களைப் பார்த்தபடி.