சிட்டுவை அனுப்பிவிடுவார்களா?

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, மின்விசிறிக்குக் கீழே இடம் இருக்கிறது. ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் பயமாக இருக்கும். அப்போது என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் கயல் என்று ஒரு பெண். ஐந்தாம் வகுப்பு. அவளுக்குள் சிட்டு என்று இன்னொரு பெண்ணும் இருந்தாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓர் உடம்பு, இரண்டு பேர். கயல் வாயாடி. சிட்டு அதிகம் பேசமாட்டாள். கயலுக்கு வலது கைப் பழக்கம், சிட்டுவுக்கு இடது கை. நினைவு தெரிந்த நாளிலிருந்தே இருவரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சிலருக்குக் கன்னத்தில் குழி விழுகிறதே, அதைப் போலத்தான்.

ஒரு சனிக்கிழமை அம்மா பாகற்காய் வறுத்தாள்.

"த்தூ! கசக்குது!" என்று கயல் துப்பினாள்.

மறு நிமிடமே இடது கை நீண்டு, வறுவலை அள்ளி வாயில் போட்டது.

"இன்னாடி இது, பீச்சாங்கையால துன்ற?"

"நல்லா கீதும்மா. இன்னும் கொஞ்சம் போடு."

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. "இப்பதானடி துப்புன?"

"அது கயல். நான் சிட்டு."

சொல்லிவிட்டுத்தான் சிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டு சுப்பம்மாவிடம் ஓடினாள்.

"புள்ள எங்கியோ பயந்துகீது," என்றாள் சுப்பம்மா. "உச்சி வெயில்ல ஆத்தோரமா போயிருக்கும். சாயங்காலம் பள்ளிவாசலுக்கு இட்டுக்கினு போ. ஹஜ்ரத் ஓதி ஊதுனா, உள்ள எது பூந்துகினு இருந்தாலும் ஓடிப்பூடும்."

நம் ஊரில் அது வழக்கம்தானே? பிள்ளை பயந்துவிட்டால், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும், அந்தி நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் வந்து நிற்பார்கள். தொழுகை நடத்தி முடித்து வரும் ஹஜ்ரத், ஓதிப் பிள்ளையின் முகத்தில் ஊதிவிடுவார்.

ஆனால் 'ஓடிப்பூடும்' என்ற சொல் சிட்டுவின் காதில் விழுந்துவிட்டது.

ஆட்டோவில் போகும்போது அவள் கயலுக்கு மட்டும் கேட்கும்படி உள்ளேயிருந்து கேட்டாள்: "கயலு, நான் போயிடுவேனா?"

"மாட்ட. ஊதும்போது நான் மூக்கை மூடிக்கிறேன்."

"வாய் வழியா வந்துட்டா?"

"அதையும் மூடிக்கிறேன்."

"அப்புறம் நீ எப்படி மூச்சு வுடுவ?"

கயல் ஆட்டோ கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா குனிந்து மெதுவாகக் கேட்டாள். "ஸ்கூல்ல யாராச்சும் உன்னை எதுனா பண்ணாங்களா? மறைக்காம சொல்லுடி."

"யாரும் ஒண்ணும் பண்ணலம்மா."

"அப்ப அவ எப்படி வந்தா?"

"வரல. எப்பவுமே இருக்கா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பள்ளிவாசல் முன்னால் வரிசை. கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. வரிசை நகர நகர, கயல் பின்னால் பின்னால் நகர்ந்தாள். ஓடிவிடலாமா என்று பார்த்தாள். அம்மா கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மேலே அம்மா சாமி பேரை முணுமுணுப்பது கேட்டது.

கயல் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்கும் பயம்! சிட்டு யாரென்றே அம்மாவுக்குத் தெரியாது. தெரியாத ஆள் வீட்டுக்குள் இருந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

"சிட்டு, நீயே அம்மாகிட்ட பேசு."

"திட்டுவாங்க."

"நான் கூடவே கீறேன். பேசு."

பிறகு இடது கை மெல்ல அம்மாவின் முந்தானையைப் பிடித்தது.

"அம்மா, நான் சிட்டு. உனக்குத் தலைவலி வந்தா தைலம் தேச்சு வுடுறது நான்தான். கயல் பாதியிலயே தூங்கிடுவா."

"நான் ஒண்ணும் தூங்கல!" என்றாள் கயல்.

"தூங்குன."

அம்மா இரண்டு குரலையும் கேட்டாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அப்படியே தரையில் குந்தி, அந்த முகத்தை ஏந்திக்கொண்டாள்.

"சிட்டு... உனக்கு இன்னாம்மா பயம்?"

"நீ என்னைத் தொரத்திடுவியோன்னு."

அம்மா அந்தக் கன்னத்தைத் தடவினாள். "ஆத்தோரத்துல ஒண்ணும் பயப்படல," என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். "என்னாலதான் பயந்துகீது."

ஹஜ்ரத் வந்துவிட்டார். "பிள்ளைக்கு என்னம்மா?"

"பயந்துட்டா ஹஜ்ரத். பயம் மட்டும் போவட்டும். வேற எதுவும் போவ வாணாம்."

அவர் ஓதினார். ஊதினார். கயல் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"சிட்டு?"

சத்தமில்லை.

"சிட்டு! கீறியா?"

"கீறேன், கீறேன். கூச்சமா இருந்துச்சு."

கயல் பெருமூச்சு விட்டாள். ஹஜ்ரத் அடுத்த பிள்ளையிடம் திரும்பினார். அம்மா நகரவில்லை.

"இன்னொரு வாட்டி ஊதுங்க ஹஜ்ரத். இன்னொரு புள்ளையும் கீது."

அவர் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்கம்மா? காணோமே!"

அம்மா கயலின் தலைமேல் கை வைத்தாள். "இங்கதான்."

ஹஜ்ரத் அம்மாவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு புன்னகையோடு கேட்டார். "சரி, இந்தப் பிள்ளை பேரு என்ன?"

"சிட்டு," என்றாள் அம்மா. "என் சின்னப் பொண்ணு."

உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், அத்தனை பேருக்கும் சோறும் படுக்க இடமும் கூப்பிட ஒரு பெயரும் குறையாமல் இருக்கட்டும், என் கண்ணுகளா.