மஸ்கட்டிலிருந்து வந்தவர்

குளிக்கிற கல்லின் மேல் அன்றைக்கும் மணல் கிடந்தது.

செலின் மேரி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். ரவையைவிடப் பொடியான, வெளிறிய மணல். அவள் ஊர் மண் கறுப்புக் களிமண். காலில் ஒட்டினால் காய்ந்து வெடித்துத்தான் உதிரும். சங்கராபரணி ஆற்று மணல்கூட இவ்வளவு நைசாக இருக்காது. இது அவள் புருஷன் இன்னாசி மஸ்கட்டிலிருந்து உடம்போடு கொண்டு வந்த மணல். வந்த அன்று தலையிலிருந்தும் காது மடலிலிருந்தும் அது கொட்டியபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. இப்போது அவன் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. தினமும் இரண்டு வேளை சீயக்காய் தேய்த்துக் குளிக்கிறான். இன்னும் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

மாதா கோயில் தெருவில் அவர்களுடையது கடைசி வீடு. வில்லியனூரில் பஸ் ஏறினால் மெயின் ரோட்டில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து வாய்க்கால் கரை மேலேயே நடந்து வர வேண்டும். ஒரு பக்கம் கரும்பு, மறுபக்கம் நெல். கரையில் யார் வந்தாலும் முதலில் தெரிவது அவள் வீட்டு ஜன்னலுக்குத்தான். இன்னாசி போகும்போது அந்தக் கரை மேல்தான் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். பம்பாய் ஏஜெண்ட் எடுத்துக் கொடுத்த இரண்டு வருச விசா. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. தெருவே கூடி வழியனுப்பியது. செலின் மேரி கைக்குழந்தை ரோசியை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

சாராயக்கடை சாத்திய பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது ஊர் அறிந்ததுதான். ஆனால் அவளுடைய இடது கை விஷயம் ஊருக்குத் தெரியாது. தவக்காலத்தில் ஒரு நாள் குழம்பில் உப்பு இல்லை என்று அவன் அவள் கையைப் பிடித்து இழுத்து, வாசற்படி மேல் வைத்து மிதித்தான். எலும்பு கோணலாகவே கூடியது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அவள் ஊருக்குச் சொன்னாள். அவனும் கேட்டவர்களிடம் அதையே சொன்னான். மழை வருகிற நாட்களில் அந்த மணிக்கட்டு முன்கூட்டியே வலிக்கும்.

திரும்பி வந்தவனோ வேறு ஆளாக இருந்தான்.

விசா முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தபோது, கடுதாசி ஏதும் போடாமல், ஒரு மத்தியானம் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். "வேலை முடிஞ்சிட்டுது" என்று மட்டும் சொன்னான். சாராயக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் சேந்தினான். ஓடு மாற்றினான். முகமே தெரியாத தகப்பனிடம் ரோசி ஒரே நாளில் ஒட்டிக்கொண்டாள். அவன் மடியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் காசம்மாள் கிணற்றடியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "மஸ்கட்டு அவன மனுசனாக்கி அனுப்பிச்சிட்டுதுடி. எம் புருசனையும் பிளேன் ஏத்தி வுடலாமானு பாக்கறன்."

எல்லாரும் சிரித்தார்கள். செலின் மேரியும் சிரித்தாள்.

ஆனால் ஒரு நாள் கெண்டை மீன் குழம்பு வைத்தாள். கெண்டை என்றால் முள். சின்னச் சின்ன, இரட்டை நுனி முள். அவள் ரோசிக்கு முள் எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் சாப்பிட்டு முடித்திருந்தான். தட்டில் ஒரு முள்கூட இல்லை. நடு எலும்பு இல்லை. தலை இல்லை. அவன் துப்பியதை அவள் பார்க்கவில்லை. மென்ற சத்தமும் கேட்கவில்லை.

"முள்ளெல்லாம் எங்கங்க?"

அப்போதுதான் அதையும் கவனித்தாள். பதில் சொல்வதற்கு முன்னால் அவன் உதடுகள் அசைந்தன, சத்தமில்லாமல். அவள் கேட்ட கேள்வியையே ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல. அதற்குப் பிறகுதான் பதில் வந்தது.

"நல்லா இருந்துது, செலினு."

அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்துப் பாயில் அவன் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பாள். சீரான மூச்சு. ரொம்பச் சீரான மூச்சு. அது தன்னுடைய மூச்சோடு சேர்ந்தே ஏறுகிறது, சேர்ந்தே இறங்குகிறது என்பது புரிய அவளுக்குச் சில ராத்திரிகள் பிடித்தன. ஒருமுறை வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துப் பாயிலும் மூச்சு நின்றது.

காசம்மாளிடம் பாதியைச் சொல்லிப் பார்த்தாள். காசம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அடிக்கிற புருசனோட இத்தினி வருசம் குடித்தனம் பண்ண. அப்பல்லாம் வாயத் தொறக்கல. இப்ப அடிக்காதவன பாத்துப் பயமா இருக்குன்ற. உனக்கு இன்னாடி வந்துச்சி? ஊர்ல நாலு பேரு கேட்டா உன்னத்தான் காறித் துப்புவாங்க." அதன் பிறகு கிணற்றடியில் இரண்டு மூன்று பேர் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

சாயங்காலங்களில் அவன் ஜன்னல் ஓரம் உட்காருவான். வாய்க்கால் கரையைப் பார்த்தபடி, இமைக்காமல். மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் கழுத்து மட்டும் லேசாகத் திரும்பும். பஸ் கிளம்பிப் போன பிறகும், கரை காலியாகக் கிடந்த பிறகும், பார்த்துக்கொண்டே இருப்பான்.

"யாருக்குங்க காத்துனு இருக்கீங்க?"

உதடுகள் அசைந்தன. நின்றன.

"வருவான்."

"யாரு?"

"வந்தா கதவத் தொறக்காத, செலினு. உனக்குத்தான் கஷ்டம்."

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. அக்கறைதான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அன்று காலையிலிருந்தே மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. மத்தியானம் தொடங்கிய மழை விடவே இல்லை. கூரையிலிருந்து கயிறு கயிறாக வழிந்தது, கரும்புக் கொல்லையில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் குசுகுசுப்பதுபோல இரைந்தது, களிமண்ணின் வாடையும் சாணத்தின் வாடையும் ஈர விறகுப் புகையும் கலந்து வீட்டுக்குள் வந்து தங்கின. சாயங்காலமே பாதி இருட்டிவிட்டது. கரண்டு போயிற்று. மாதா கோயிலில் ஜெபத்துக்கான திரிகால மணி அடித்தது. செலின் மேரி சிமினி விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம்.

ஜன்னலோரம் இருந்தவன் எழுந்து நின்றான். ரோசி அவன் தோளில் இருந்தாள்.

செலின் மேரி ஜன்னலுக்கு வந்தாள். கரை மேல் ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். தோளில் பெட்டி. மழையில் முகம் தெரியவில்லை. நடை தெரிந்தது. வலது காலை வெளிப்பக்கம் வீசிப் போட்டு நடக்கிற நடை. அந்த நடையின் சத்தத்தைக் கேட்டுத்தான் எத்தனையோ வருஷம் அவள் அடுப்படியில் ஒடுங்கியிருக்கிறாள்.

வீட்டுக்குள் இருப்பவன் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை. அது ஏன் இத்தனை நாளாக உறைக்கவில்லை?

ஓடிப் போய்க் கதவைச் சாத்தினாள். குறுக்குக் கட்டையைப் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாகப் போட்டது.

காலடி வாசலில் வந்து நின்றது. பெட்டி தொப்பென்று இறங்கியது.

"செலினு! கதவத் தொற!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய்! செவிடா நீ? ரெண்டு வருசம் வெயில்ல வெந்து வரன், வாசல்ல நிக்க வெக்கறியா? தொறடி!"

கதவு அதிர்ந்தது. காலால் உதைக்கிறான். அந்த உதை. அந்த வசவு. இதுதான் இன்னாசி. உடம்பில் ஒவ்வோர் எலும்புக்கும் அது தெரிந்தது. கட்டையை எடுத்தால் உள்ளே வரப் போவது எது என்பதும் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருந்தவன் அசையவில்லை. ரோசியின் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் அமைதியாக இருந்தது.

செலின் மேரி கதவில் முகத்தை வைத்துச் சொன்னாள்: "எம் புருசன் வூட்லதான் இருக்காரு. நீ யாரோ. போயிடு."

உதை நின்றது.

மழைச் சத்தம் மட்டும். பிறகு கதவின் அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக, வேறு மாதிரி ஒரு குரல். அவன் அழுது அவள் கேட்டதில்லை.

"அவன் வந்துட்டானா? எனக்கு முன்னாடி வந்துட்டானா, செலினு?"

அவள் காதைக் கதவோடு அழுத்தினாள்.

"அங்க எங்க கொட்டாயி பாலைவனத்துல தனியா இருந்துது. பேச ஒரு ஆளு இல்ல. ஒருத்தனுக்கும் நம்ம பாஷ தெரியாது. ராத்திரியில கொட்டாயிக்கு வெளிய யாரோ வந்து உக்காருவாங்க. மூஞ்சி தெரியாது. நான் பேசினா கேப்பாங்க. ஒருத்தனா, நெறைய பேரானு தெரியலடி. உன்னப் பத்தி சொன்னன். புள்ளயப் பத்தி, கரையப் பத்தி, வூட்டப் பத்தி, எல்லாத்தையும் சொன்னன். சொல்லச் சொல்ல அவனுக்கு எம் மூஞ்சி வந்துச்சி. ஒரு நாளு நான் பேசறதுக்கு முன்னாடி அவன் பேசினான், எங் குரல்ல."

மூச்சிரைப்பு.

"ஒன்னே ஒன்னு சொல்லல. உங் கை ஒடிஞ்சது எப்படின்னு எவங்கிட்டயும் சொல்லல. கேளுடி. அவனக் கேளு!"

செலின் மேரி திரும்பினாள். கோணல் மணிக்கட்டை விளக்கு வெளிச்சத்தில் நீட்டினாள்.

"இது எப்பிடி ஆச்சி?"

அவன் கையைப் பார்த்தான். உதடுகள் அசைந்தன. இது எப்பிடி ஆச்சி. மறுபடியும் அசைந்தன. இது எப்பிடி ஆச்சி. பிறகு பரிவோடு சிரித்தான்.

"கிணத்தடியில வழுக்கி வுழுந்தியே, செலினு. மறந்துட்டியா?"

அந்தப் பொய்யை இன்னாசி ஊருக்குத்தான் சொல்லியிருக்கிறான். அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் இருவருக்கும் நடுவில் பொய் கிடையாது.

அது அவள் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றது.

"ரோசி," என்றாள். கையை நீட்டினாள். "ரோசி. அம்மாகிட்ட வா."

ரோசி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வெளியே இருப்பவன் மிருகம். ஆனால் மனுஷன். இரண்டு பேராகப் பிள்ளையைப் பிடுங்கிவிடலாம். பிறகு அவன் அடிக்கட்டும். மிதிக்கட்டும். செலின் மேரி இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்தாள். உதைத்த உதையில் இறுகியிருந்தது. தூக்கினாள். பாதி ஏறியது.

அப்போது இன்னொரு குரல் கேட்டது. வாசலிலிருந்து இல்லை. கொஞ்சம் தள்ளி, கரை மேலிருந்து.

"செலினு! கை ஒடிஞ்சத மட்டும் நான் எவங்கிட்டயும் சொல்லலடி! கேட்டுப் பாருடி!"

அதே குரல். அதே அழுகை.

அவள் கை கட்டையிலேயே நின்றது.

"உப்பு இல்லன்னு மிதிச்சன்டி! வாசப்படியில வெச்சி மிதிச்சன்! எனக்குத்தாண்டி தெரியும்!" இது அதற்கும் பின்னாலிருந்து.

"எனக்குத்தாண்டி தெரியும்!" இன்னும் தூரத்தில். வீட்டுக்குள் இருப்பது கிளம்பி வந்த பிறகு, இன்னாசி அதையும் சொல்லியிருக்கிறான்.

வாசலில் அழுதுகொண்டிருந்தவன் சட்டென்று அழுகையை நிறுத்தினான். நிறுத்திய விதத்தில் ஏதோ இருந்தது. விளக்குத் திரியை இறக்கியதுபோல.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். அவள் மூச்சோடு சேர்ந்து ஏறியது. சேர்ந்து இறங்கியது.

அவள் மூச்சை அடக்கினாள்.

கட்டை அவள் கைகளில் பாதி தூக்கியபடியே இருந்தது. இறக்கவும் முடியவில்லை, ஏற்றவும் முடியவில்லை. ஜன்னல் பக்கம் மட்டும் கண் போயிற்று. வாய்க்கால் கரை முழுக்க ஆட்கள். மெயின் ரோடு வரைக்கும். தோளில் பெட்டி. மழையில் தலை குனிந்து, வலது காலை வெளிப்பக்கம் வீசிப் போட்டு, ஒருவர் பின் ஒருவராக, அவசரமே இல்லாமல், வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

தோளில் இருந்த ரோசியும் பார்த்தாள். சந்தோஷத்தில் காலை உதைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே பிஞ்சு விரலை நீட்டினாள்.

"அப்பா," என்றாள். விரலை அடுத்த ஆளிடம் நகர்த்தினாள். "அப்பா." அதற்கடுத்த ஆளிடம். "அப்பா." விரல் கரையோடு நகர்ந்துகொண்டே போயிற்று.